கல்லுக்குக் கல் மூணு நிமிஷம்

"ஏங்க, வண்டி ஓடுதா நிக்குதா?" என்று கேட்டாள் ஜக்கம்மாள்.

ஜன்னலுக்கு வெளியே திண்டுக்கல் மலைக்கோட்டை நகர்ந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு பால்காரர், இரண்டு ஆடுகள், ஒரு சினிமாத் தட்டி எல்லாம் கூடவே போயின. ஆனால் காரில் ஏறினால் ஜக்கம்மாள் வெளியே பார்க்கிறவள் இல்லை. டேஷ்போர்டின் நடுவில், வட்டக் கண்ணாடிக்குள் இருக்கும் ஸ்பீடோமீட்டர் முள் ஒன்றைத்தான் பார்ப்பாள். அந்த முள் இப்போது பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

"ஓடத்தான் செய்யுது" என்றார் பொன்னுத்துரை.

"முள்ளு அப்படிச் சொல்லலையே. நிப்பாட்டுங்க. நான் இறங்கணும்."

பொன்னுத்துரை நிறுத்தினார். ஜக்கம்மாள் இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

இதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் பொன்னுத்துரையின் தங்கை ராமுத்தாய், ஆத்தூரில் தன் மூத்த மகனுக்கு மொட்டை போட்டாள். தாய்மாமன் மடியில் வைத்து முடி எடுக்க வேண்டும். போகும் வழியில் டயர் பஞ்சராகி நேரம் போய்விட்டது. போன நேரத்தைத் துரத்திப் பிடிக்கப் பொன்னுத்துரை வண்டியை அழுத்தினார். அது சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்துக்குள் இறங்கி, பாத்தி பாத்தியாகத் தாண்டி, கிணற்றுக்கு நாலு முழம் முன்னால் நின்றது. பம்பரில் கத்தரிச்செடியோடு அவர்கள் ஆத்தூர் போய்ச் சேர்ந்தபோது, பையனின் மொட்டைத் தலையில் சந்தனமே காய்ந்திருந்தது.

அன்றைக்கு இரண்டு பெண்கள் இரண்டு வார்த்தை சொன்னார்கள். "இனிமே மணிக்கு இருவது மைலுக்கு மேல போனா நான் வண்டியில இருக்க மாட்டேன்" என்றாள் ஜக்கம்மாள். "சின்னவ காதுகுத்துக்கும் நீ நேரத்துக்கு வரலைன்னா, எனக்குக் கூடப் பொறந்தவன் இல்லைன்னு நெனச்சுக்கிறேன் அண்ணே" என்றாள் ராமுத்தாய்.

அந்தக் காதுகுத்து வருகிற திங்கட்கிழமை. மீட்டர் செத்தது அதற்கு எட்டு நாள் முன்பு.

பொன்னுத்துரையின் கார் முப்பத்தேழாம் வருஷத்துச் சீமைக் கார். சிறுமலைக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறியபோது விட்டுப் போனது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, குழாய்க்குள் சுழன்று மீட்டரை ஓட்டுகிற கேபிள் அறுந்துவிட்டது என்றார். மதுரையில் கேபிள் கேட்டு ஆள் அனுப்பினால், "இந்த வண்டி இன்னுமா ஓடுது?" என்ற கேள்விதான் திரும்பி வந்தது.

"பஸ்ஸுல போயிருவமா?" என்று பொன்னுத்துரை வீட்டில் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"தாய்மாமன் சீரு பஸ்ஸு மேல கூடையில வந்துச்சுன்னு ஆத்தூரு பூராம் பேசவா?"

"அப்ப நான் மட்டும் கார்ல முன்னாடி போறேன்."

"சீர்த்தட்டைத் தூக்க அத்தைக்காரி வேணாமா? நானும் வரணும், கார்லதான் வரணும், முள்ளும் ஆடணும். அம்புட்டுத்தான்."

வேறு வழியில்லாமல்தான் பொன்னுத்துரை பேகம்பூருக்குப் போனார். அங்கே மீரான் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். நல்ல கைக்காரர். ஊரில் பாதி ரேடியோக்கள் அவர் தயவில்தான் பாடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு குறை, முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது.

"கேபிள் எதுக்குண்ணே?" என்றார் மீரான். "அது அந்தக் காலம். மீட்டரைக் கரண்டுல ஓட்டுவோம்."

"கரண்டுலயா?"

"சைக்கிள் டைனமோ பாத்திருக்கீங்கள்ல? மெதுவா மிதிச்சா லைட்டு மினுக்குன்னு எரியும். வேகமா மிதிச்சா பளிச்சுன்னு எரியும். அந்த டைனமோவை உங்க வண்டிக்கு அடியில சுத்துற தண்டுல உரசுற மாதிரி கட்டிவிடுறேன். லைட்டுக்குப் பதிலா ஒரு முள்ளு. வண்டி வேகம் கூடக் கூட முள்ளு ஏறும். நடுவுல வெறும் வயருதான். என்ன சொல்றீங்க?"

பொன்னுத்துரைக்கு வயர் புரியவில்லை, டைனமோ பாதி புரிந்தது, முள் நன்றாகப் புரிந்தது. பூ மண்டியில் இருபது வருஷமாகத் தராசு முள்ளைப் பார்த்துப் பிழைக்கிற மனிதர் அவர். தன் கண்ணைச் சந்தேகப்படுவார், எதிரில் நிற்கிற ஆளைச் சந்தேகப்படுவார், முள்ளை மட்டும் சந்தேகப்படமாட்டார்.

"செய்யுங்க பாய்" என்றார்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. பழைய மீட்டரின் வயிற்றைக் காலி செய்து, அதே கண்ணாடிக்குள் ரேடியோக்காரர் வைத்திருக்கும் கரண்டு மீட்டர் ஒன்றைப் பொருத்தி, வெள்ளைக் காகிதத்தில் பத்து, இருபது, முப்பது என்று அறுபது வரை அழகாக எழுதி ஒட்டியிருந்தார் மீரான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வண்டி நகர்ந்ததும் முள் மலைக்காய்ச்சல் கண்டது போல நடுங்க ஆரம்பித்தது.

"இதுல எந்த நம்பரை நான் பாக்கட்டும்?" என்றாள் ஜக்கம்மாள். "பத்துலயும் நிக்குது, நாப்பதுலயும் நிக்குது."

"டைனமோ கரண்டு முன்னயும் பின்னயும் போய்ட்டு வரும் மதினி, அதான் நடுங்குது" என்றார் மீரான். "ஒரு பக்கமா மட்டும் போக வைக்கிற சாமான் ரேடியோவுக்குள்ள இருக்கு. மாட்டிவிட்டா அடங்கிரும்."

மாட்டினார், அடங்கியது. பொன்னுத்துரை மனைவியை ஏற்றிக்கொண்டு பெருமையாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். எதிரே ஒரு ஆட்டுமந்தை வந்தது. வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். அடித்த மாத்திரத்தில் முள் துள்ளிப் போய் அறுபதில் நின்றது.

ஜக்கம்மாள் கத்திக்கொண்டே கதவைத் திறந்து குதித்தாள். நின்றுகொண்டிருந்த காரிலிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட முதல் ஆள், எனக்குத் தெரிந்து, அவள்தான்.

"எதுக்குடி குதிச்ச?"

"அறுவதுல போனா குதிக்காம?"

"வண்டி நிக்குதுடி!"

"முள்ளு அறுவதுங்குது!"

முள்ளைப் பொய்யென்று சொல்லப் பொன்னுத்துரைக்கு வாய் வராது. கூட்டம் கூடிவிட்டது. ஆட்டுக்காரர்கூட உள்ளே எட்டிப்பார்த்து, "அறுவதாமுல்ல" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார்.

ஹாரன் வயரும் மீட்டர் வயரும் உறவு கொண்டாடியதை மீரான் பிரித்து வைத்தார். அடுத்தது, தண்டில் இருந்த கிரீஸில் டைனமோ வழுக்கியது. முள் ஐந்துக்கு மேல் ஏறவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி டைனமோ சக்கரத்தில் சுற்றினார் மீரான். வழுக்கல் போய், முள் ஒரே ஏற்றமாக ஏறி, அறுபதையும் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டது.

"இதுக்கும் வழி இருக்கு" என்றார் மீரான். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்றை எடுத்து டேஷ்போர்டுக்குக் கீழே பொருத்தினார். "இப்பிடித் திருப்பினா முள்ளு இறங்கும், அப்பிடித் திருப்பினா ஏறும்."

"அப்ப எந்த இடத்துல வச்சா அது நெசம்?" என்று கேட்டார் பொன்னுத்துரை.

மீரான் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

யோசனை கடைசியில் பொன்னுத்துரைக்குத்தான் வந்தது, அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. "தராசைச் சோதிக்க முத்திரை போட்ட படிக்கல்லு வைப்போம்ல பாய், அதே மாதிரிதான். வத்தலக்குண்டு ரோட்டுல கவர்மெண்டு கல்லு நட்டிருக்கு. மணிக்கு இருவது மைலுன்னா ஒரு மைலுக்கு எம்புட்டு நேரம்? மூணு நிமிஷம். கல்லுக்குக் கல்லு மூணு நிமிஷத்துல போற மாதிரி நான் ஓட்டுறேன். நீங்க வாட்சைப் பாத்துக்கிட்டு, முள்ளு இருவதுல நிக்கிற மாதிரி திருகி வச்சிருங்க."

மீரான் எழுந்து நின்று கை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் போனார்கள். பேகம்பூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கல் வரிசை ஆரம்பித்தது. பழைய கற்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசாக நட்டு, பளீரென்று வெள்ளையடித்திருந்தார்கள், எழுத்து இன்னும் ஏறவில்லை. "புது மீட்டருக்குப் புதுக் கல்லு. ராசிதான்" என்றார் மீரான். முதல் தடவை, பொன்னுத்துரை எப்போதும் இருபதென்று ஓட்டிப் பழகிய வேகத்தில், இரண்டு நிமிஷத்துக்குள் அடுத்த கல் வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தார் பொன்னுத்துரை. இரண்டரை ஆயிற்று. இன்னும் குறைத்தார். நாலைந்து தரம் போய் வந்த பிறகு, கல்லுக்குக் கல் மூணு நிமிஷம் கச்சிதமாக அமைந்தது.

"என்ன பாய், வண்டி ஊருற மாதிரி இருக்கு?"

"இதாண்ணே உண்மையான இருவது. உங்க பழைய மீட்டரு கிழடு. முப்பதுக்கு மேல போறப்ப இருவதுன்னு பொய் சொல்லியிருக்கு."

பொன்னுத்துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் கட்டிய மனைவியை முப்பதில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். வீட்டுக்கு வந்து அதை ஒளிக்காமல் சொன்னார். ஜக்கம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அதான் எனக்கு அப்பப்ப நெஞ்சு படபடன்னு வந்திருக்கு" என்றாள். திருகு அசைந்துவிடக் கூடாதென்று மீரான் அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்துக்குள். ஏழரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன்னால் ஏழு மணிக்கே புறப்பட்டுவிடுவது என்று முடிவு. சீர்த்தட்டு, பட்டுப் பாவாடை, தங்கத் தோடு, ஐந்து கூடைப் பூ எல்லாம் தயார். காரும் சீரோடு சேர்ந்ததுதானே என்று பொன்னுத்துரை ஐந்து மணிக்கே எழுந்து அதைக் குளிப்பாட்டினார். மேலே, பக்கத்தில், கடைசியாக நாலு வாளி அடியிலும். டைனமோ வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்பினால் முள் அசையவில்லை.

பேகம்பூருக்கு ஆள் ஓடி, மீரான் வந்து, டைனமோவைக் கழற்றினார். வெயில் இன்னும் ஏறவில்லை. "மதினி, தோசைக்கல்லு இருக்கா?" என்று கேட்டார். டைனமோ தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் பக்குவமாகக் காய்ந்து, மறுபடி வண்டிக்கு அடியில் போய், முள் ஆடியபோது மணி ஏழு முப்பத்திரண்டு.

"ராகுகாலம் பொறந்திருச்சு" என்றாள் ஜக்கம்மாள். "இனி ஒம்பதுக்குத்தான்."

பொன்னுத்துரை கலங்கவில்லை. "பதினாலு மைலு. இருவதுல போனா நாப்பத்திரண்டு நிமிஷம். ஒம்பதுக்குக் கிளம்பினா ஒம்பதே முக்காலுக்கு மடியில பிள்ளை. மீட்டரு இருக்கையில நமக்கு என்ன?"

ஒன்பது அடித்ததும் புறப்பட்டார்கள். முள் இருபதில் ஏறி நின்றது. நடுக்கம் இல்லை, துள்ளல் இல்லை. ஜக்கம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மூன்று மைல் போயிருப்பார்கள். பின்னால் மணி அடித்தது. ஒரு சைக்கிள், கேரியரில் முழு வாழைத்தாரோடு, காருக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. பொன்னுத்துரையின் சித்தப்பா மகன் சுருளிவேல். பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறவன், அவனும் காதுகுத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா?"

"ஏலே, இருவதுல போய்க்கிட்டிருக்கேன்டா!"

"அப்பிடியா? சரி, மெல்ல வாங்க. நான் கம்மாக்கரை வழியா குறுக்க விழுந்து போயிர்றேன்." இரண்டு மிதி மிதித்தான். வாழைத்தார் ஆடிக்கொண்டே தூரத்தில் சிறுத்தது.

ஜக்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏங்க, அவன் எம்புட்டு வேகத்துல போறான்?"

முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்டார் பொன்னுத்துரை. "இருவத்தஞ்சு இருக்கும்."

"பாவிப் பய! பெஞ்சாதி மாசமா இருக்கா, இவன் இந்த வேகத்துல போறானே!" ஜன்னலில் தலையை நீட்டி, "டேய் சுருளி, மெதுவா போடா!" என்று கத்தினாள். அவன் கேட்கிற தூரத்தில் இல்லை.

"என்ன காலுடா சாமி. பந்தயத்துக்கு அனுப்ப வேண்டிய பய" என்று பொன்னுத்துரை மனதாரப் பாராட்டினார்.

ஐந்தாவது மைலில் அவருக்குப் பழக்கமான ஒரு சோடாக் கடை. மீட்டர் கணக்குப்படி மணி ஒன்பதே கால் ஆகியிருக்க வேண்டும். கைக்கடிகாரம் ஒன்பது இருபத்துநாலு என்றது. பொன்னுத்துரை கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார், குலுக்கினார்.

"வாட்சு ஒம்பது நிமிஷம் முந்தி ஓடுது" என்றார்.

"எங்கப்பா கல்யாணத்துக்குப் போட்ட வாட்சு அது. இன்னைக்கு வரைக்கும் தப்பா ஓடுனதில்ல."

"அது பழசு. மீட்டரு புதுசு. நேத்துத்தான் கவர்மெண்டு கல்லை வச்சுச் சோதிச்சது." வாட்சின் சாவியைத் திருகி, அதன் முள்ளை ஒன்பதே காலுக்குக் கொண்டுவந்தார். கடிகாரத்தைத் திருத்தியதும் நேரம் நிறைய மிச்சம் இருப்பதாகத் தெரிந்தது. இருவரும் ஆளுக்கொரு கோலி சோடாவை ஆற அமரக் குடித்தார்கள். தன் அப்பா வாட்சைக் குறை சொன்ன கோபத்தில் ஜக்கம்மாள் ரொம்ப மெதுவாகவே குடித்தாள்.

அதன் பிறகு ஒரு தயிர்க்காரி ஏறிய குதிரை வண்டி தாண்டிப் போயிற்று. காலைக் கஞ்சி குடித்துவிட்டுப் பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் ரோட்டோரம் நடந்தபடியே ஜக்கம்மாளிடம் ஊர், பேர், விசேஷம் எல்லாம் விசாரித்து முடித்தார்கள். முள் இருபதில்தான் நின்றது. பொன்னுத்துரைக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்தது, ஆனால் முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் அது அடங்கிவிட்டது.

செம்பட்டி வந்தபோது வாட்ச் ஒன்பது ஐம்பது காட்டியது. மீட்டர் கணக்குப்படி அது ஒன்பது முப்பத்தொன்பது. மறுபடியும் சாவியைத் திருகக் கை வைத்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார்.

"மணி என்னண்ணே?"

கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "பத்தடிக்க ஒரு நிமிஷம்."

பொன்னுத்துரை வாட்சிலிருந்து கையை எடுத்தார். இன்னும் மூன்று மைல். ராமுத்தாயை அவர் தூக்கி வளர்த்தவர். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவர். கூடப் பிறந்தவன் இல்லை என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் சொன்னதுதான், அது அவருக்குத் தெரியும்.

ஜக்கம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முள்ளைப் பார்த்தாள்.

"அமுக்குங்க" என்றாள்.

"என்னது?"

"அந்தக் கழுதை முள்ளைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க. அமுக்குங்க."

அமுக்கினார். முள் முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஏறியது. ஜக்கம்மாள் பூக்கூடையைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். அடியிலிருந்து ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது, முள் ஒரு துள்ளுத் துள்ளிப் பூஜ்யத்தில் விழுந்தது. அதைப் பார்க்க அந்த வண்டியில் யாருக்கும் நேரமில்லை.

ஆத்தூர்க் கோயில் வாசலில் அவர்கள் போய் இறங்கியபோது மணி பத்து ஏழு. பந்தலுக்குள் பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. மணையில் சுருளிவேல் உட்கார்ந்திருந்தான், அவன் மடியில் பிள்ளை, எதிரே ஆசாரி. வலது காதில் தோடு ஏறியிருந்தது. இடது காதை ராமுத்தாய் தன் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நேரம் போச்சு தாயி, கையை எடு" என்று பூசாரி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரு காது குத்தியாச்சுல்ல, அது உங்க நேரத்துக்கு. இந்தக் காது எங்க அண்ணனுக்கு. அது வர்ற வரைக்கும் எவனும் தொடக்கூடாது."

பொன்னுத்துரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ராமுத்தாய் அவரைப் பார்த்தாள், காதிலிருந்து கையை எடுத்தாள். சுருளிவேல் எழுந்து இடம் விட்டான். "உங்களுக்கு ஒரு காது பாக்கி இருக்குண்ணே" என்றான். இடது காது பொன்னுத்துரை மடியில் குத்தப்பட்டது. ஜக்கம்மாள் சீர்த்தட்டோடு நடந்து வந்தபோது கொட்டுக்காரர்கள் இரண்டாம் தடவையாக முதலிலிருந்து அடித்தார்கள்.

ஆனால் ராமுத்தாய் விட்டாலும் அவள் புருஷன் விடுகிறதாக இல்லை. நல்லுசாமி ரோடு மேஸ்திரி. தன் கீழ் வேலை செய்கிற ஆட்களையெல்லாம் விருந்துக்கு அழைத்திருந்தார். அத்தனை பேர் முன்னால் மானம் போய்விட்டது என்பது அவர் கட்சி. பந்தி முடிந்ததும் நடுப்பந்தலில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"மச்சான், இது ரெண்டாந்தடவை. வாழைத்தாரை வச்சுக்கிட்டு சைக்கிள்ல வந்தவன் கால்மணி முந்தி வாரான். கார் வச்சிருக்கிற தாய்மாமன் முகூர்த்தம் முடிஞ்சு வாராரு. வர இஷ்டமில்லைன்னா சொல்லியிருக்கலாம்ல? இனிமே இந்த வீட்டு விசேஷத்துக்குத் தாய்மாமன் சுருளிவேலுதான். உங்க சீரு எங்களுக்கு வேண்டாம்."

ராமுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். பொன்னுத்துரை முன்னால் வந்தார்.

"மாப்ள, சாமி சத்தியமாச் சொல்றேன். ஒம்பதுக்குக் கிளம்பினேன், இருவதுல வந்தேன். முள்ளு இம்மி அசையலை."

"பதினாலு மைலு, இருவதுல வந்தா ஒரு மணி நேரத்துக்கு மேலயா ஆகும்? உங்க மீட்டரு பொய்."

"மீட்டரு பொய்யில்ல! கரண்டு மீட்டரு. நானும் மீரான் பாயும் வத்தலக்குண்டு ரோட்டுல கவர்மெண்டு கல்லை வச்சுச் சோதிச்சோம். பேகம்பூர் தாண்டி, புதுசா வெள்ளையடிச்சு நட்டிருக்கே, அந்தக் கல்லு. கல்லுக்குக் கல்லு மூணு நிமிஷம், வாட்சுல பாத்து. மீட்டரு பொய்யின்னா கல்லும் பொய்யின்னு ஆகும். கல்லு பொய்யா மாப்ள?"

நல்லுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "கல்லைக் குறை சொல்லாதீங்க! அந்தக் கல்லு நான் நட்டது. போன மாசம் வெயில்ல நின்னு, சங்கிலி புடிச்சு அளந்து, நானே நட்டது. ஒரு அடி கூடாது, ஒரு அடி குறையாது. எந்தப் பெரிய ஆபீசரு வேணும்னாலும் வந்து அளந்து பாக்கட்டும். தப்பு என் கல்லுல இல்ல, உங்க மனசுலதான் இருக்கு!"

கடைசிப் பந்தியில் ஒரு கூலிக்காரர் இன்னும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். கண்ணுசாமி என்று பெயர், கல் நட்டபோது குழி தோண்டியவர். தன் மேஸ்திரிக்குப் பரிந்து பேச இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். இலையைவிட்டு எழுந்து, கையை உதறிவிட்டு, பணிவாகச் சொன்னார்:

"மேஸ்திரி அளந்தது சுத்தமான அளவுங்க, ஆனா அது மைல் கல்லுன்னு உங்களுக்கு ஆரு சொன்னது? நாங்க நட்டது பூராம் புதுச்சட்டத்துக் கிலோமீட்டர் கல்லு, அதுல எட்டைத் தாண்டுனாத்தான் அஞ்சு மைலு. அதைக் கல்லு மேல எழுதிப் போடத்தான் நம்ம மேஸ்திரி ஒரு மாசமா பெயிண்டு எடுத்துத் தர மாட்டேங்கிறாரு!"